சிறுவர் நூலகத்திற்கு நூல் தெரிதல்

நமது தமிழ்ப் பாடசாலைகளில் நூலகம் திறக்கும் விழாக்களுக்குக் குறைவில்லை. அறைக்கு வண்ணம் தீட்டுகிறோம். புதிய அலமாரிகள் வாங்குகிறோம். பிரமுகர் ஒருவர் நாடாவை வெட்டுகிறார். இத்தனை நூல்கள் அன்பளிப்பாக வந்தன என்ற செய்தி படத்துடன் பத்திரிகையில் வெளிவருகிறது. இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆயினும், வந்து சேர்ந்த நூல்களைப் பிள்ளைகளின் கையில் கொடுக்குமுன் எவரேனும் ஒருவர் முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரையில் படித்துப் பார்த்தாரா என்று கேட்பாரைக் காண்பது அரிதாயிருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாலைக் காய்ச்சிக் கொடுக்கிறோம். அரிசியைக் கல் பொறுக்கிய பின்னரே உலையில் இடுகிறோம். நூலை மட்டும் கட்டவிழ்த்தவுடன் முத்திரை குத்தி அடுக்கிவிடுகிறோம். முழுதும் படித்துப் பார்த்த ஒருவர் பொறுப்பேற்காத எந்த நூலும் ஆரம்பப் பாடசாலை நூலகத்தில் இடம்பெறலாகாது என்பதே இக்கட்டுரை வற்புறுத்த விரும்பும் செய்தி. எந்நூலையும் படித்தால் போதும் என்னும் அன்பர்களுக்கு இது கடுமையாகத் தோன்றலாம். அவர்களுக்கும் விடை கூற முயல்வோம்.

ஆறு ஆண்டுகளே உண்டு

மலேசியாவில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பாடசாலைகள் இருக்கின்றன. அவையாவும் ஆரம்பப் பாடசாலைகளே. ஏழாம் வயதில் நுழையும் பிள்ளை ஆறு ஆண்டுகள் தமிழ்ச் சூழலில் பயில்கிறது. அதற்குப்பின் அரசாங்க இடைநிலைப் பள்ளிக்குச் சென்றால் ஆங்கே மலாயே பயிற்று மொழி. தமிழ் பல பாடங்களுள் ஒன்றாகச் சுருங்குகிறது. சில பள்ளிகளில் அந்த ஒரு பாடமும் எளிதிற் கிடைப்பதில்லை. சிங்கப்பூரிலோ, எஞ்சியிருந்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பெற்ற பின்னர்த் தமிழ் தாய்மொழிப் பாடமாகவே கற்பிக்கப்பட்டு வருகிறது. ஆகவே, பிறர் ஏவாமல் தானே ஒரு தமிழ் நூலை எடுத்துப் படித்து மகிழும் பழக்கம் நம் பிள்ளைக்கு வரவேண்டுமாயின், அது பன்னிரண்டு வயதிற்குள் வந்தாக வேண்டும். அந்த வயதில் வராத பழக்கம் பிற்காலத்தில் வருதல் அருமையினும் அருமை. தமிழை மேடையில் வாழ்த்துவார். தேர்வில் எழுதித் தேறுவார். ஆனால் படித்து மகிழ்வதற்கு வேறு மொழி நூலையே நாடுவார்.

இதனைக் கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். பள்ளி ஆண்டுக்கு ஏறக்குறைய 40 வாரங்கள். வாரம் ஒரு நூல் வீதம் ஒரு பிள்ளை ஆர்வத்துடன் படித்ததாகவே வைத்துக்கொள்வோம். ஆறாண்டில் 240 நூல்கள் ஆகின்றன. நல்ல வாசகனாக வளரும் பிள்ளையின் கணக்கே இவ்வளவுதான். ஆர்வம் குன்றிய பிள்ளை இருபது முப்பது நூல்களோடு நின்றுவிடும். அந்த இருபதில் முதல் மூன்று நான்கு சலிப்பூட்டுவனவாக அமைந்துவிட்டால், தமிழ் நூல் என்றாலே இப்படித்தான் என்று அப்பிள்ளை முடிவு கட்டிவிடும். அலமாரியில் ஆயிரம் இருப்பதால் அதற்கு ஆவதென்ன? கையில் வந்த நான்கை வைத்தே அது தீர்ப்புச் சொல்லும்.

கிடைத்ததே போதும் என்னும் மனப்பான்மைக்கு ஒரு வரலாறு உண்டு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பாடசாலை நடத்தப்பட வேண்டும் என்று விதித்தது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையே பாடசாலையாயிற்று. கிராணியாரோ கங்காணியாரோ ஆசிரியராயினர். பாடநூல்கள் தாயகத்திலிருந்து கப்பலேறி வந்தன. பால்மர நிழலில் அமர்ந்திருந்த பிள்ளை, தான் காணாத ஏரியையும் ஏற்றத்தையும் பற்றிப் படித்தது. அன்று வந்ததை வரவேற்பதன்றி வேறு வழியில்லை. அச்சிட்ட தமிழ்த்தாள் ஒன்று கிடைப்பதே அரிதாயிருந்த காலத்தில் தெரிந்தெடுப்பது எங்ஙனம்? ஆனால் அந்த வறுமை பெரிதும் நீங்கிய பின்னரும் அதன் பழக்கம் நம்மை விட்டபாடில்லை. அன்பளிப்பாக வந்த நூலைக் குறை கூறுவது நன்றி மறந்த செயல் என்று எண்ணி, வாய் மூடி அடுக்குகிறோம்.

எண்ணிக்கை என்னும் மயக்கம்

மலேசியக் கல்வி அமைச்சு 1990களின் இறுதியில் தொடங்கிய நீலாம் என்னும் வாசிப்புத் திட்டத்தை ஆசிரியர்களும் பெற்றோரும் நன்கறிவர். பிள்ளை தான் படித்த நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் குறித்து, கதைச் சுருக்கமும் எழுதி வருதல் அதன் முறை. நோக்கம் மிக நல்லது. ஆயின் எந்தத் திட்டத்திலும் எண்ணிக்கைக்குப் பரிசு என்றவுடன், மிக மெல்லிய நூல் எது என்று தேடும் கெட்டிக்காரத்தனம் பிள்ளைக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. எட்டுப் பக்கத்தில் முடியும் நூல் பத்துக் கைமாறும். நூறு பக்க நூல் தூசி படிந்திருக்கும். பிள்ளையை நோவதில் பயனில்லை. பெரியவர்களாகிய நாமே ‘எங்கள் நூலகத்தில் ஐயாயிரம் நூல்கள்’ என்று ஆண்டு மலரில் அச்சிடும்போது, பிள்ளைமட்டும் வேறெதைக் கற்கும்?

இவ்விடத்தில் நம்மவர் ஒருவரை நினைவுகூர்தல் தகும். சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகிய சீ. இரா. அரங்கநாதன், 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். உலகெங்கும் நூலகர்கள் அவற்றைப் போற்றிப் பயில்கின்றனர். பூட்டி வைப்பதற்காக நூல் வாங்கலாகாது, அது பயன்பட வேண்டும் என்பது முதல் விதியின் கருத்து. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றையொன்று நோக்கி நிற்பவை: படிக்க வருவோர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூல் அங்கே இருத்தல் வேண்டும், அங்கே இருக்கும் நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைதல் வேண்டும். படிப்பவரின் நேரம் வீணாகாதபடி பார்த்துக்கொள்வது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர்ப்பொருள் என்பது ஐந்தாவது. இவ்வைந்திலும் எத்தனை நூல்கள் என்ற கேள்விக்கு இடமே இல்லை. கணிதம் கற்பித்தவர் வகுத்த விதிகளில் எண்ணிக்கை இல்லாதிருப்பது கருதத்தக்கது.

நமது அலமாரியில் இருப்பவை

நூலகங்களில் பெரும்பாலும் காணப்படும் நூல் வகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் கண்ணில் படுவன தேர்வு வழிகாட்டிகள். மலேசியாவில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதி வந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அத்தேர்வின் மாதிரி வினாத்தாள்கள் நூலகத்தில் இன்னும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்குமாயின், அந்த அறையை நூலகம் என்பதைவிடப் பழைய தாள்களின் கிடங்கு என்பதே பொருந்தும். தேர்வு நடைமுறையில் இருந்த காலத்திலும் அவற்றின் இடம் வகுப்பறையேயன்றி நூலகம் அன்று. இளைப்பாறப் படிக்க வரும் பிள்ளையை அங்கும் வினாத்தாள் வரவேற்பது முறையாகுமா?

அடுத்து நிற்பன நீதிக்கதைத் தொகுதிகள். நீதி வேண்டாம் என்று கூறுவார் எவருமில்லை. ஆயின் நீதியைக் கதையின் உள்ளே வைக்க அறியாமல் அடியில் ஒட்டவைக்கும் வழக்கமே கண்டிக்கத்தக்கது. பஞ்சதந்திரத்தைத் தாண்டவராய முதலியார் 1826இல் தமிழ் உரைநடையில் தந்தார். அது முதல் எத்தனையோ பேர் அக்கதைகளைச் சுருக்கியும் மாற்றியும் எழுதி வந்திருக்கின்றனர். சிங்கத்தைக் கிணற்றில் வீழ்த்திய முயலின் கதையை எடுத்துக்கொள்வோம். முயல் இன்னொரு சிங்கம் இருப்பதாகப் பொய் சொல்லித்தான் பிழைக்கிறது. வலியவனை எளியவன் மதியால் வெல்லும் கதை அது. அதன் அடியில் ‘கோபம் கூடாது’ என்றோ, ‘பெரியோரை மதி’ என்றோ ஒரு வரியை அச்சிட்டால், படித்த பிள்ளை குழம்பும். அல்லது கதையை ஒரு பக்கமும் நீதியை மறு பக்கமும் வைத்து, இரண்டிற்கும் தொடர்பில்லை என்று கண்டுகொள்ளும். இரண்டாவதே நடக்கிறது என்பது நம் அபிப்பிராயம். கதையின் அடிவரியை விரலால் மறைத்துவிட்டுக் கதையை மட்டும் படியுங்கள். கதை தானே நின்றால் வாங்குங்கள். அந்த வரி இல்லாமல் விழுந்துவிடுமாயின், அங்கே கதை இல்லை என்பது பொருள்.

மூன்றாவது வகை பொது அறிவு நூல்கள். இவற்றுக்கு வயது உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து வானியலார் 2006இல் நீக்கினர். புத்ராஜெயா 2001இல் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. சென்னை மாநிலம் 1969இல் தமிழ்நாடு என்ற பெயரைப் பெற்றது. ஒரு பொது அறிவு நூலைக் கையில் எடுத்தவர் இத்தகைய மூன்று செய்திகளைப் பார்த்தாலே நூலின் வயது தெரிந்துவிடும். பெரியசாமித் தூரன் தலைமையில் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் தமிழுக்குக் கிடைத்த பெரும் செல்வம். தமிழால் எதையும் பிள்ளைக்கு விளக்க இயலும் என்பதை நிலைநாட்டிய நூல் அது. ஆயினும் அதன் பழைய பதிப்பை இன்று பிள்ளையின் கையில் கொடுத்து ‘விவரம் பார்த்துக்கொள்’ என்றால், அரை நூற்றாண்டுக்கு முந்திய உலகத்தையே கொடுத்தவராவோம். அதை ஆசிரியர் அலமாரியில் போற்றி வைத்து, விளக்கும் முறைக்கு எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துவதே அதற்கு நாம் செய்யும் மரியாதை.

நான்காவது வகை மொழிபெயர்ப்புகள். பனியும் பனிக்கரடியும் நம் பிள்ளைக்கு எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். இந்த ஆட்சேபம் பொருந்தாது; உலகத்தைத் தமிழில் காண்பது பிள்ளையின் உரிமை. குறை வேறிடத்தில் இருக்கிறது. ‘அவன் அவனுடைய தொப்பியை அவனுடைய தலையில் வைத்தான்’ என்று எழுதுவோர் இருக்கின்றனர். ‘தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்’ என்றால் தமிழ்ப் பிள்ளைக்குப் போதும். இத்தகைய வாக்கியம் ஒன்று தப்பி நுழைந்தால் பொறுக்கலாம். பக்கத்துக்கு நான்கு இருந்தால் அந்நூல் பிள்ளையின் செவியையே கெடுத்துவிடும். ஏழு வயதில் கெட்ட செவியை எழுபது இலக்கண வகுப்புகள் திருத்திவிடுமா?

பேசும் நரியும் நரிமுகமும்

சீர்திருத்த நோக்குடைய நண்பர்களிடமிருந்தும் ஒரு கருத்து வருகிறது: நரி பேசுவதும் மரம் நடப்பதும் பகுத்தறிவுக்கு மாறானவை, அத்தகைய கதைகளை விலக்க வேண்டும் என்கின்றனர். அவர்களுடைய நோக்கம் உயர்ந்தது, முடிவு பிழையானது. கதையில் நரி பேசினால் பிள்ளை அதனை நம்பிவிடுவதில்லை. அது விளையாட்டு என்பதை ஐந்து வயதுக் குழந்தையும் அறியும். பேசும் நரி மூடநம்பிக்கையன்று; காலையில் நரிமுகத்தில் விழித்தால் நன்மை வரும் என்று மெய்போலச் சொல்வதே மூடநம்பிக்கை. கற்பனையைக் கற்பனையாகவே வைக்கும் நூல் பிள்ளையின் அறிவை விரிக்கும். பல்லி விழும் பலனையும் சகுனத்தையும் பொது அறிவோடு கலந்து தரும் நூல் அதனைச் சுருக்கும். பிந்தியதைத் தயங்காமல் விலக்குக. முந்தியதைத் தாராளமாக வாங்குக.

நாம் மெய்யாகவே கண் வைக்கவேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று தொழில் இழிவு. பழங்கதைகளை மறுபதிப்புச் செய்வோர் பலர், துணி வெளுப்பவரையும் முடி திருத்துபவரையும் கூலி வேலை செய்பவரையும் அறிவிலிகளாகவே வைத்துச் சிரிப்பு மூட்டுகின்றனர். அக்கதையை, அதே தொழில் செய்யும் தந்தையின் பிள்ளை அமர்ந்திருக்கும் வகுப்பில் உரக்கப் படிக்க ஆசிரியருக்கு மனம் வருமா? வராதெனில் அந்நூல் நூலகத்திற்கு ஆகாது. பால்வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்த சமூகம் நம்முடையது. கூலி என்ற சொல்லின் சுமையை நமக்கு ஒருவர் விளக்கவேண்டியதில்லை.

இரண்டாவது, பெண்பிள்ளையின் நிலை. அண்ணன் மரமேறுகிறான், தங்கை கீழே கூடை பிடிக்கிறாள். அண்ணன் வினவுகிறான்; தங்கை வியக்கிறாள். ஒரு நூலில் இப்படி இருந்தால் அது கதை. பத்து நூல்களில் இப்படியே இருந்தால் அது பாடம். எவரும் ஒப்புதல் தராமலே கற்பிக்கப்படும் பாடம். மூன்றாவது, படங்களில் நிறம். நல்லவர் யாவரும் வெண்மையாகவும் தீயவர் யாவரும் கருமையாகவும் தீட்டப்பட்ட நூலை, பெரும்பாலும் கரிய நிறமுடைய நம் பிள்ளைகளின் கையில் கொடுக்கிறோம். எழுத்தைப் படித்துப் பார்ப்பவரும் படத்தைப் புரட்டிவிட்டுச் செல்வதால் இது தப்பிவிடுகிறது. சிறுவர் நூலில் படமும் எழுத்துக்கு நிகரானது. அதனையும் படிக்கவேண்டும்.

ஒரு நூலை எடுத்துக் காண்போம்

குற்றங்களையே அடுக்கிச் செல்லாமல், நல்ல சிறுவர் கதை எவ்வாறிருக்கும் என்பதற்குச் சான்றாக நமக்குச் சொந்தமான பழைய நூல் ஒன்றைக் காட்டுவோம். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குருவின் கதையே அது. 1822இல் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சேறியது. குருவும் ஐந்து சீடரும் ஆற்றைக் கடக்க அஞ்சுகின்றனர். ஆறு தூங்குகிறதா என்றறியக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கின்றனர். அது சீறிப் புகைய, ஆறு விழித்திருக்கிறது என்று ஓடுகின்றனர். ஒருவாறு கரையேறிய பின் எண்ணிப் பார்க்கையில், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐவரே இருக்கின்றனர். ஒருவனை ஆறு கொண்டுபோயிற்று என்று அழுகின்றனர்.

இக்கதை பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது எதனால்? சீடர் சோம்பேறிகள் அல்லர். சோதனை செய்கின்றனர், கவனமாக எண்ணுகின்றனர், ஒருவருக்கொருவர் சரிபார்க்கவும் செய்கின்றனர். எல்லாம் செய்தும் தவறு நிற்கிறது. தவறு எங்கே என்பதைக் கதை சொல்லாது. கேட்கும் பிள்ளையே கண்டுபிடித்துத் துள்ளும். அந்தத் துள்ளலே அறிவின் பிறப்பு. அதிகாரமுள்ளவர் கூறுவதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதும் குருவைக் கண்டு சிரிக்கையில் பிள்ளைக்குத் தானே விளங்குகிறது. அடிவரியில் நீதி எழுதவேண்டிய தேவையே இல்லை.

இந்நூலையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. சீடருள் ஒருவனுக்கு மிலேச்சன் என்ற பெயர் உண்டு; அது பிற இனத்தாரை இழித்துக் கூறும் சொல். பல இனத்தார் கூடி வாழும் நாட்டில் ஆசிரியர் அதை விளக்காமல் விடலாகாது. சிறுவருக்கென எழுதப்படும் சுருக்கங்களில் வேறொரு கேடும் நேர்கிறது. ‘அவன் தன்னை எண்ண மறந்துவிட்டான்’ என்று முதலிலேயே எழுதிவிடுகின்றனர். பிள்ளை கண்டுபிடிக்கவேண்டியதை எழுதுபவரே பறித்துக்கொண்டால் அங்கே என்ன மிஞ்சும்? ஆகவே, பரமார்த்த குரு கதை என்ற பெயரைக் கண்டவுடன் வாங்குவது போதாது. எந்தப் பதிப்பு, யார் எழுதியது, ஆற்றங்கரைக் கட்டத்தை எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்தே வாங்கவேண்டும். நூலை மதிப்பிடுதல் என்பது இதுவே.

நூல்களை எண்ணி எண்ணி மகிழும் நாமும் அச்சீடரின் உறவினரோ என்று சில வேளைகளில் ஐயம் எழுகிறது. எல்லாவற்றையும் எண்ணுகிறோம், படிக்கும் பிள்ளையை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

மதிப்பிடும் முறை

ஆசிரியரும் பெற்றோரும் எளிதில் கைக்கொள்ளக்கூடிய சில சோதனைகளைக் கூறுவோம்.

முதலாவது, எழுத்துச் சோதனை. தமிழ்நாட்டரசு 1978இல் ணை, லை, றா, னா முதலாகப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவைச் சீர்திருத்தியது. நமது பாடசாலைகளிலும் அவ்வடிவங்களே கற்பிக்கப்படுகின்றன. தும்பிக்கை தூக்கிய பழைய லை-யை முதலாம் ஆண்டுப் பிள்ளை அறியாது. பழைய எழுத்தில் அச்சான நூல்களை மேல் வகுப்பாருக்கும் ஆசிரியருக்கும் வைத்துக்கொள்ளலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையின் கையில் கொடுப்பது கொடுமை. எழுத்தின் பருமனையும், சந்தி சேர்த்துப் பின்னிய நீண்ட சொற்கள் எத்தனை என்பதையும் கூடவே பார்த்துக்கொள்க.

இரண்டாவது, விரல் சோதனை. எந்த வகுப்பிற்கென நூல் வாங்குகிறோமோ அவ்வகுப்புப் பிள்ளை ஒன்றை ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்நூல் அப்பிள்ளை தனியே படிக்க ஆகாது. ஆசிரியர் படித்துக்காட்ட ஆகலாம்.

மூன்றாவது, முகப்புச் சோதனை. நூலில் எழுதியவர் பெயர், படம் வரைந்தவர் பெயர், பதிப்பித்த ஆண்டு ஆகியவை உண்டா? பெயரில்லாமல் வெளிவரும் சிறுவர் நூல்கள் தமிழில் மிகுதி. தன் பெயரைப் போட எவரும் முன்வராத நூலை நாம் மட்டும் ஏன் நம்பவேண்டும்?

நான்காவது, மண் சோதனை. நமது நூலகத்தில் நமது நாடு உண்டா? மலாய் மக்களின் சருகுமான் கதைகள் நல்ல தமிழில் உண்டா? டுரியான் காலம், நவம்பர் மழையில் வெள்ளம் புகும் கிழக்குக் கரை, இரவுச் சந்தை, அடுக்குமாடி வீடு, தாத்தா பாட்டி வாழ்ந்த லயம் ஆகியவை எந்த நூலிலேனும் வருகின்றனவா? வானொலிக்கென நூற்றுக்கணக்கில் சிறுவர் பாடல்கள் எழுதி, 2014இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் பெற்ற க. து. மு. இக்பால், சிறுவர் பாடல்களில் உழைத்த மலேசியப் பாவலர் முரசு நெடுமாறன் போன்றோர் நம்மிடையே தோன்றியிருக்கின்றனர். அவர்தம் நூல்கள் இல்லாமல் கடல் கடந்து வந்த தொடர் வெளியீடுகள் மட்டும் நிறைந்திருக்கும் நூலகம், தன் வீட்டுப் பிள்ளைக்குத் தன் வீட்டைக் காட்டாத நூலகமே.

ஐந்தாவது, எல்லாவற்றினும் சிறந்தது: பிள்ளையின் சோதனை. நூலை இரண்டு மூன்று பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து ‘பிடித்ததா?’ என்று கேளாதீர்கள். ஆசிரியர் முகம் பார்த்து ஆம் என்றே சொல்லும். ‘யாருக்குக் கொடுக்கலாம்?’ என்று கேளுங்கள். நண்பனின் பெயரை உடனே சொன்னால் அந்நூல் வென்றது.

எதிர்வாதங்கள்

பணமில்லை என்பர். பணம் குறைவு என்பதே தெரிந்து வாங்குவதற்குக் காரணமாதல் வேண்டும். படிக்கப்படாத நூறு நூல்களின் விலையில், பிள்ளைகள் போட்டியிட்டுப் படிக்கும் இருபது நூல்களுக்கு ஐந்தைந்து படிகள் வாங்கலாம்; ஐவர் ஒரே நூலைப் படித்தால் பேச்சு வளரும். 2015இல் பிரதம் புக்ஸ் நிறுவனம் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்னும் இணையத்தளத்தில் தமிழ்க் கதைகள் படங்களுடன் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டும் பயன்படுத்தலாம். யாவரும் மொழிபெயர்த்துச் சேர்க்கக்கூடிய இடமாதலின், அங்கேயும் தெரிவு வேண்டும் என்பதை மட்டும் மறத்தலாகாது.

ஆசிரியருக்கு நேரமில்லை என்பர். இது உண்மை. ஆகவேதான் இந்தப் பொறுப்பை ஆசிரியர் தலையில் மட்டும் ஏற்றலாகாது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் படிக்கும் பழக்கமுள்ள ஐந்து பேர், மாதம் இரண்டு நூல் வீதம் படித்து, நூலுக்கு அரைப் பக்கம் எழுதினால் ஆண்டுக்கு 120 நூல்கள் மதிப்பிடப்பட்டுவிடும். சிறுவர் நூல்கள் மெல்லியவை. ஒரு மாலைப் பொழுது போதும். அந்த அரைப் பக்கத்தில் ‘அட்டை அழகு, அச்சு தெளிவு, அனைவரும் வாங்கவேண்டும்’ என்று எழுதுவதை விட்டுவிட்டு, எந்த வயதுப் பிள்ளைக்கு, எந்த இடத்தில் சிரிக்கும், எங்கே தடுக்கும், எந்தச் சொல்லை விளக்கவேண்டும், வாங்கலாமா கூடாதா என்று எழுதவேண்டும். அடுத்த ஊர்ப் பாடசாலைக்கு அது வழிகாட்டும். அன்பளிப்புத் தர விரும்பும் செல்வரும், விழா மேடைக்குக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவதை விடுத்து, அந்தப் பட்டியலிலிருந்து வாங்கித் தரலாம்.

ஏதேனும் ஒன்றைப் படித்தால் போதாதா என்பது கடைசி வாதம். படிக்கும் சுவை வந்துவிட்ட பிள்ளைக்கு இது பொருந்தும். அது குப்பையிலும் மாணிக்கம் தேடிக்கொள்ளும். சுவை இன்னும் வராத பிள்ளைக்கே நூலகம் முதன்மையாகத் தேவைப்படுகிறது. அதற்குக் கொடுக்கும் முதற்கவளத்தில் கல் இருக்கலாகாது.

கழித்தலும் ஒரு கடமை

தெரிந்து சேர்ப்பது போலவே தெரிந்து கழிப்பதும் நூலகத்தின் வேலை. நம் நாட்டு ஈரக் காற்றில் தாள் பூசணம் பிடிக்கும். இராமபாணப் பூச்சி துளையிடும். கம்பி தைத்த நூல் துருப்பிடித்து ஏடு கழலும். நூல் என்றால் கலைமகள் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு இவற்றை அப்படியே வைத்திருக்கிறோம். மதிப்பு நூலின் தாளுக்கா, படிப்பிற்கா? ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நூலையும் கையிலெடுத்து, சிதைந்ததா, செய்தி பழுதானதா, மூன்றாண்டாக எவரும் தொடாததா என்று பார்க்கவேண்டும். எவரும் தொடாத நல்ல நூலாயின், உடனே கழிக்காமல் ஆசிரியர் ஒருமுறை வகுப்பில் முதல் அதிகாரத்தைப் படித்துக்காட்டட்டும். பல நூல்கள் அதனால் உயிர் பெறும். எஞ்சியவற்றைக் கழித்துவிட்டால் அலமாரியில் வெற்றிடம் தோன்றும். அதற்கு அஞ்சவேண்டாம். பாதி நிறைந்த அலமாரியில் நல்ல நூல் கண்ணில் படும். பிதுங்கி வழியும் அலமாரியில் அது புதைந்துவிடும்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு மறைந்தன. அவற்றோடு பாடசாலைகள் சில மூடப்பட்டன, சில நகர்ப்புறத்திற்கு இடம் பெயர்ந்தன. எந்த ஊரில் இருந்தாலும், பாடசாலையின் ஒரு மூலையில் நிற்கும் அந்த அலமாரியே பல பிள்ளைகளுக்குத் தமிழ் நூலகம் முழுவதும். வீட்டில் வேறு தமிழ் நூல் இராது. அடுத்தமுறை பாடசாலைக்குச் செல்லும் பெற்றோர், நூலகத்தில் எத்தனை நூல்கள் என்று கேளாமல், அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்து அங்கேயே அமர்ந்து முழுவதும் படித்துப் பார்ப்பாராக. அது தம் பிள்ளைக்குத் தகுமா என்பதைப் பாடசாலையாரிடம் கூறுவாராக. தகும் என்றால் நன்றியுடனும், தகாது என்றால் காரணத்துடனும் கூறுவாராக. நம் பிள்ளைகளுக்கு வேண்டிய மதிப்புரை அங்கிருந்தே தொடங்கட்டும்.